ஜாவாக்காரனாகப் போகும் மகனுக்கு

தம்பி,

நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும் உன் அம்மாவுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும். "அப்பா, நான் பிரெஞ்சுப் பாஸ்போட்டைக் குடுத்திட்டு இந்த நாட்டுக் குடியுரிமை எடுக்கப்போறன். நீங்கள் ஓம் எண்டாத்தான் கையெழுத்து வைப்பன்" என்று நீ ஜாவாவிலிருந்து சொன்ன அன்று, லைன் சரியில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் வீட்டுச் சேவல் கூவியதுகூடக் கேட்டது. அடுத்த முறை நீ எடுத்தபோது, நான் வேலை செய்யும் கடைக்கு வந்து இறங்கிய முருங்கைக்காய் முழுதும் முற்றல் என்று ஒரு நீண்ட பிரசங்கம் வைத்தேன். அதற்கும் அடுத்த முறை குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உன் அம்மா போனை எடுத்து, "ஓம் அப்பன், உனக்குச் சரியெண்டு படுறதைச் செய். அவர் குளிக்கிறார். இண்டைக்கு இது ரெண்டாம் குளிப்பு" என்று சொன்னதைத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் லைன் சரியில்லை என்று சொல்ல ஏலாது. தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, இது மெதுவாக வாசிக்கவேண்டிய கடிதம்தான். நாலு பேரைச் சிரிக்கவைக்க நான் வழக்கமாகப் பத்தி எழுதும் இந்தப் பத்திரிகையிலேயே இதைப் போடுகிறேன், ஏனென்றால் இங்கே எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் உன் கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கார் து நோரில் ரயிலால் இறங்கி எங்கள் கடைக்கு நடந்து வருவதற்குள் ஆட்களுக்கு உன்னைப்பற்றி மூன்று விதமாகத் தெரிந்துவிடுகிறது. நீ நாடு கடத்தப்பட்டாய் என்று ஒன்று. ஒரு தீவையே சீதனமாக வாங்கினாய் என்று இன்னொன்று. உனக்கு மூளை கலங்கிவிட்டது, அது தகப்பன்வழி என்று மூன்றாவது. மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். போன கிழமை, என்னோடு மரக்கறிப் பகுதியில் வேலை செய்யும் குகன், வெங்காயப் பை ஒன்றை இறக்கி வைத்துவிட்டு இரகசியம் கேட்பதுபோல் கேட்டான்.

"அண்ணை, உங்கடை பெடியன் பாஸ்போட்டைத் திருப்பிக் குடுக்கப் போறானாம், உண்மையே?"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லுகினம்."

"எல்லாரும் சொன்னால் பேந்தென்ன, என்னட்டை ஏன் கேக்கிறாய்?"

"இல்லையண்ணை... அதைச் சும்மா திருப்பிக் குடுக்காமல், இஞ்சை விசா இல்லாமல் நிக்கிற ஆருக்கும் மாத்திக் குடுக்கேலாதோ? என்ரை மச்சான் ஒருத்தன் நிக்கிறான்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வன்னியிலிருந்து வந்து, தன் அகதி வழக்கு இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டு, இப்போதுதான் ஒரு வதிவிடக் காட் எடுத்திருக்கும் பெடியன் அவன். நீ வேண்டாம் என்று சொல்லும் அந்தச் சின்ன மெரூன் நிறப் புத்தகத்தை அவன் இன்னும் கையால் தொட்டுப் பார்த்ததில்லை. உன் அப்பாவும் ஒரு காலத்தில் அவனைப்போலத்தான், விடியமுன் விசாக் கொடுக்கும் பிரெபெக்சர் கந்தோர் வாசலில் குளிருக்குள் நின்று, உள்ளே போனதும் சரியான பத்திரத்தைத் தவிர மற்ற எல்லாப் பத்திரத்தையும் எடுத்துக் கொடுத்தவன். இங்கே பிறந்தாலும் சில வருடம் கழித்தே கிடைக்கும் பிரெஞ்சுப் பிரஜாவுரிமை உனக்கு வந்த அன்று உன் அம்மா அந்தக் கடதாசியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசிவிட்டாள். கடதாசிக்கு. உனக்குப் பூச நீ வீட்டில் இல்லை, பந்தடிக்கப் போயிருந்தாய். "பாத்தியே, உரிமை கிடைச்ச உடனை வெள்ளைக்காரன் மாதிரி வீட்டிலை நிக்கிறானில்லை" என்றேன். அதுதான் உன் பாஸ்போட்டைப்பற்றி நான் விட்ட முதல் பகிடி. அப்போது உள்ளுக்குள் நினைத்தேன்: இனி என் பிள்ளையை எந்த நாட்டிலும் ஒருவனும் கியூவில் நிற்கவைக்க மாட்டான். இப்போது நீ ஜோக்ஜா நகரத்தில் குடிவரவுக் கந்தோர் வாசலில் கைப்பையோடு நிற்கிறாய், விசா நீட்டிக்க. இதற்குத்தானா நான் அந்தக் குளிருக்குள் நின்றேன் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. முருங்கைக்காயைப்பற்றிக் கதைத்தேன்.

வாய்க்கால் வேலை பழகப் போகிறேன் என்று தண்ணீர் எஞ்சினியருக்குப் படித்த கையோடு நீ போனாய். சில மாதத்தில் திரும்புவாய் என்று உன் குளிர்ச் சட்டையைக் கழுவி அலுமாரியில் தொங்கவிட்டோம். வாய்க்கால் தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் பாயவேண்டும் என்று பேசப்போன இடத்தில் வுலானைக் கண்டாய். பிறகு தண்ணீர் எங்கே பாய்ந்தது என்று உலகத்துக்கே தெரியும். கலியாணத்துக்கு எங்களால் வர முடியவில்லை. போன வருடம், வுலான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதுதான் உன் அம்மாவும் நானும் முதன்முதலாக அங்கே வந்தோம். எரிமலையின் அடிவாரத்தில் ஓர் ஊர், படிப்படியாக இறங்கும் நெல்வயல், தென்னை, வாழை, பலா. எல்லாம் எங்களுக்குத் தெரிந்த மரங்கள்தான், ஆனால் தெரியாத ஒழுங்கில் நின்றன. வுலான் வீட்டார் கத்தோலிக்கர், பக்கத்து வீட்டார் முஸ்லிம்கள், நான் பிரெஞ்சுப் புறநகரான ஸ்தேனிலிருந்து வந்த அரைகுறைச் சைவம். சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே பாயில் இருந்தோம். பலாக்காய்க் கறிக்குள் பனங்கட்டி போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கமுதல் உன் அம்மா மேசை இல்லாத இடத்திலும் மேசைக்குக் கீழே உதைப்பதுபோல் என் காலில் ஒரு உதை விட்டாள்.

சாப்பிட்டு எழும்பியதும் நான் செய்த முதல் வேலை, உன் மாமனார் நீங்கள் வீடு கட்டக் கொடுத்த காணியைச் சுற்றிப் பார்த்தது. சுற்றினேன், சுற்றினேன், எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. வேலி இல்லை. கல் இல்லை. உன் குசினி வாசலுக்கு முன்னால் ஒரு மனிசன் மண்வெட்டியோடு போகிறார், சிரிக்கிறார். ஆட்டுக்குப் புல் சுமந்து ஒரு மனிசி போகிறாள், சிரிக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், அவர்களும் சிரிக்கிறார்கள். "உதென்ன, இது வீடோ, லாச்சப்பல் மெத்ரோவோ?" என்று உன்னைக் கேட்டேன். "குறுக்குப் பாதை அப்பா, வயலுக்கு எல்லாரும் இதாலைதான் போறது" என்றாய். காணி உறுதி யாருடைய பெயரில் என்று கேட்டேன். வெளிநாட்டான் பெயரில் இங்கே நிலம் எழுத ஏலாது என்று சாதாரணமாகச் சொன்னாய், இன்றைக்கு மழை வராது என்று சொல்வதுபோல.

எனக்கு அன்று நித்திரை வரவில்லை. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு, மகன் உறுதியுமில்லாமல் வேலியுமில்லாமல் அடுத்தவன் வளவில் குடியிருக்கிறான் என்பது, மகன் உடுப்பில்லாமல் சந்தைக்குள் நிற்கிறான் என்பதைவிட மோசம். என் அப்பாவும் பெரியப்பாவும் வேலியில் ஒரு பூவரசங் கதியால் முழங்கை அளவு தள்ளி நாட்டப்பட்டதற்காகக் கோட்டுக்குப் போனவர்கள். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் இன்றைக்கு ஒரு குருவியும் இல்லை. வேலி நிற்கிறது. அந்த வம்சத்தில் வந்தவன் சும்மா இருப்பானா? உறுதிதான் இல்லை, வேலியாவது இருக்கட்டும் என்று, நீ வாய்க்கால் கூட்டத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து மூங்கில் எடுப்பித்தேன்.

நீ வீட்டில் இல்லாததால் அந்த நாளைப்பற்றி உனக்கு முழுக்கத் தெரியாது, சொல்கிறேன். நான் தனியாகத் தடுமாறுவதைக் கண்டு, அந்தக் குறுக்குப் பாதையால் வயலுக்குப் போன இரண்டு பேர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்கள். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார்கள். நான் தமிழில் சொல்ல, அவர்கள் ஜாவா பாஷையில் தலையாட்ட, மூங்கிலை வெட்டி, நாட்டி, கயிற்றால் இழுத்துக் கட்டினோம். தங்கள் பாதையைத் தாங்களே அடைக்க உதவி செய்தார்கள், தம்பி. சிரித்துக்கொண்டே. முடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்து, றோட்டுப் பக்கம் வைத்த படலையால் வெளியே போய், றோட்டால் சுற்றி வயலுக்குப் போனார்கள். நான் படலைக்கு ஒரு பூட்டும் வாங்கிக் கொழுவினேன். உன் மாமனார் வந்து பார்த்தார். மூங்கிலைத் தடவி, "நல்ல பலம்" என்று மட்டும் சொன்னாராம். வுலான்தான் மொழிபெயர்த்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு ஒருவரும் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும், கோபத்துக்கு நான் பழக்கப்பட்டவன். அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். பின்னேரத்தில் குசினி வாசல் குந்தில் இருந்து வுலானோடு கதைக்கும் பக்கத்து வீட்டு மார்னி வரவில்லை. பப்பாசிப்பழம் கொண்டுவரும் கிழவர் வரவில்லை. வுலான் முற்றத்தைக் கூட்டினாள், கூட்டியதையே திரும்பக் கூட்டினாள். நீ என்னை வேறாகக் கூட்டிக்கொண்டு போய், "அப்பா, சனம் சுத்திப் போகுது" என்றாய்.

"போகட்டும், றோட்டு இருக்குத்தானே."

"பிள்ளை பிறக்கப் போகுதப்பா. இஞ்சை பிள்ளை பிறக்கிற வீட்டுக்குச் சனம் வரவேணும்."

"வாறவை படலையைத் தட்டட்டும். இஞ்சை படலை தட்டுற வழக்கம் இல்லையோ?"

"இஞ்சை படலை இல்லையப்பா" என்றாய் நீ.

வேலியை நீயே ஒரு வீச்சில் பிடுங்கி எறிந்திருக்கலாம். அப்பா கட்டியது என்று விட்டுவைத்தாய். அந்த மரியாதையை நான் உனக்குப் பழக்கியிருக்கக் கூடாது.

பிறகு அந்தக் காலை. மாதம் நிறையவில்லை, வுலானுக்கு இரத்தம் போகத் தொடங்கிற்று. மார்னியின் மகன்தான் தன் சின்ன லொறியைக் கொண்டுவந்தான். அவனை நாங்கள் கூப்பிடவில்லை, வேலிக்கு மேலால் கண்டுவிட்டு வந்தான். நீயும் உன் அம்மாவும் வுலானோடு ஏறிப் போனீர்கள், அவளுடைய தாயும் தகப்பனும் பின்னால் மோட்டார் சைக்கிளில். "அப்பா, நீங்கள் வீட்டைப் பாருங்கோ" என்றாய். நான் படலையைப் பூட்டினேன். வீட்டைப் பார் என்றால் யாழ்ப்பாணத்தான் என்ன செய்வான்?

மத்தியானம் உன் அம்மா போன் எடுத்தாள். பெட்டைப் பிள்ளை. காலையில் பிறந்து, கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து பார்த்ததாம். "பிள்ளை போயிட்டுதப்பா" என்றாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் உன் அம்மா என்னை அப்பா என்று கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். போனை வைக்கமுதல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். வுலானின் தகப்பன் பெயர் மட்டும் எனக்கு விளங்கிற்று. கத்தோலிக்க வீட்டுச் சாவைப் பள்ளிவாசல் அறிவித்தது. வெளியே வந்து பார்க்கிறேன், ஊரே வருகிறது. ஆண்கள் மண்வெட்டியோடு, பெண்கள் பானையோடு. குறுக்கால் வர ஏலாதபடியால் றோட்டால் சுற்றி வந்து, படலைக்கு வெளியே வெயிலுக்குள் நிற்கிறார்கள். பூட்டு.

திறப்பைத் தேடினேன். காற்சட்டைப் பையில் இல்லை, தட்டில் இல்லை, கட்டிலுக்குக் கீழே இல்லை. பூட்டுப் போட்டவனுக்கே திறப்பு எங்கேயென்று தெரியவில்லை. திரும்பி வந்து படலைக்கு இந்தப் பக்கம் நின்று கையை விரித்தேன். ஒருவர்கூடப் படலையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. திறப்பைத் தாங்கள்தான் தொலைத்துவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். மார்னி இடுப்பில் சோற்றுப் பானை. பானை சுட்டிருக்கும், இறக்கி வைக்கவில்லை. நான் மூங்கிலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவ்வளவு நல்லாக் கட்டியிருக்கிறேன். அப்போதுதான் அந்த இரண்டு பேரும் முன்னுக்கு வந்து, கத்தியை எடுத்து, முடிச்சு முடிச்சாக அறுத்தார்கள். எந்த முடிச்சு எங்கே என்று அவர்களுக்குத் தெரியும், கட்டியவர்கள் அவர்கள்தானே. நீ பிள்ளையைப் பத்திக் என்ற அந்த ஊர்ப் பூத்துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது உன் வளவு நாலு பக்கமும் திறந்து கிடந்தது. வேலி எங்கே என்று நீ கேட்கவில்லை.

மூங்கிலை அவர்கள் எறியவில்லை. ஓரமாக அடுக்கி வைத்தார்கள். உன் மாமனார் அதிலிருந்து நாலு தடி எடுத்துப்போய், அந்தச் சின்ன மண்மேட்டைச் சுற்றி நாட்டினார், ஆடு மிதிக்காமல் இருக்க. நான் வாழ்நாளில் கட்டிய வேலிகளில் யாருக்கும் உபயோகப்பட்டது அந்த நாலு தடிதான், அப்பன். அதற்குள் என் பேத்தி படுத்திருக்கிறாள். பின்னேரம் செபம் முடிந்து மார்னி என் சோற்றுக் கோப்பையில் பனங்கட்டி போட்ட பலாக்காய்க் கறியை வைத்தாள். ஒரு கறித்துண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன். உன் அம்மா என்னை உதைக்கவில்லை.

ஆகவே, நீ என்ன கேட்கிறாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. காணிக்காக என்று நான் நினைத்துவிடுவேன் என்ற பயத்தில்தான் அன்று போனில் அவசரப்பட்டுச் சொன்னாய்: "காணிக்காக இல்லையப்பா. மாமா வயலை எங்கடை பேரிலை எழுத ஆசைப்படுறார்தான், ஆனால் அதுக்காக இல்லை. என்ரை பிள்ளை கிடக்கிற ஊரிலை என்னாலை விசாவிலை இருக்கேலாது." அந்த இடத்தில்தான் நான் லைன் சரியில்லை என்றேன்.

எனக்கு ஏன் வாய் வரவில்லை என்றும் சொல்லவேண்டும். என் அப்பாவின் செத்தவீட்டை நான் வீடியோவில் பார்த்தவன். அப்போது இங்கே என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை, போனால் திரும்பி வர ஏலாது. ஸ்தேனில் ஒரு அறைக்குள் பெடியள் எல்லாரும் நெருக்கியடித்து இருந்து, யாரோ கையோடு கொண்டுவந்த கசற்றைப் போட்டுப் பார்த்தோம். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பது ஒரு மூலையில் தெரிந்தது. உள்ளே வரவில்லை. வேலிக்கு அப்பால் நின்று அவர் பார்த்தார், கடலுக்கு அப்பால் இருந்து நான் பார்த்தேன். என் பிள்ளைக்கு இது நடக்காது என்று அன்று நினைத்தேன். பாஸ்போட் என்றால் எனக்கு அதுதான் அர்த்தம், வேறு ஒன்றுமில்லை. இரண்டு பாஸ்போட் வைத்திருக்க அந்த நாடு விடாது. இதை நீ கொடுத்துவிட்டால், நான் போகிற அன்று நீ விசாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் போனில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். இது என் பயம். சொல்லிவிட்டேன். இனி அது உன்னுடையது அல்ல, என்னுடையது, நானே வைத்துக்கொள்கிறேன். தவிரவும் இங்கே செத்த ஆளை உடனே எரித்துவிட மாட்டார்கள், இடம் கிடைக்கக் கிழமைக்கணக்கில் செல்லும். பிரெஞ்சுக் கந்தோர்களின் சுணக்கம் ஒருமுறையாவது உன் அப்பாவுக்கு உதவட்டும். நான் ஐஸ் பெட்டிக்குள் அவசரமில்லாமல் படுத்திருப்பேன், நீ விசா கிடைத்ததும் ஆறுதலாக வா.

புத்தி சொல்லவும் வேண்டும், அப்பா கடிதம் அல்லவா. அந்த ஊரில் ஒருவரும் வேண்டாம் என்று வாயால் சொல்லமாட்டார்கள், ஆகவே முகத்தைப் பார். இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான் என்பாய். சரி, திருப்பித் தருகிறேன். வயல் உன் பெயரில் வந்தால் வந்த முதல் நாளே வரம்பை அளக்காதே. அந்த வியாதி உன் இரத்தத்திலும் இருக்கும். வுலான் இன்னொரு பிள்ளையைப்பற்றிக் கதைக்கும்வரை நீ கதைக்காதே, உன் அம்மாவைக் கதைக்கவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அழவேண்டும் என்றால் வுலானுக்கு முன்னால் இருந்து அழு. தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிற பழக்கம் உனக்கு வேண்டாம். தண்ணீர் எஞ்சினியருக்கு அது அழகில்லை.

ஓம், மகன். ஓம். கையெழுத்தை வை.

நேற்று நான் ஸ்தேன் மெரிக்குப் போனேன், நகரசபைக் கந்தோருக்கு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் வந்து தங்குவதென்றால் அங்கே போய் அழைப்புப் பத்திரம் எடுக்கவேண்டும். நீ இன்னும் வெளிநாட்டுக்காரன் ஆகவில்லை, எனக்குத் தெரியும். என்றாலும் எப்படி நிரப்புவதென்று பழகி வைக்கலாம் என்று போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், பெயர்களை எழுதிக்கொண்டு கேட்டாள்.

"வாறவர் உங்களுக்கு என்ன முறை?"

"மகன்."

"எந்த நாட்டவர்?"

"கொஞ்ச நாளில் இந்தோனேசியர்."

"பிறந்த இடம்?"

"இங்கேதான். பக்கத்து ஆஸ்பத்திரியில்."

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இங்கே பிறந்தவர் அங்கே ஏன் போனார்?" என்றாள். பத்திரத்தில் அந்தக் கேள்வி இல்லை, அவளாகக் கேட்டது. என்னிடம் இதற்கென்றே ஒரு டசின் பகிடி தயாராக இருந்தது.

"அங்கே அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்" என்றேன்.

அவள் பத்திரத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, எத்தனை நாள் நிற்பார் என்று அந்த இடத்தில் எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் போட ஏலாது என்றாள். பிறகு கொண்டுவருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மற்ற எல்லாம் நிரப்பியாயிற்று. அந்த ஒன்றுதான் மிச்சம். எத்தனை நாள் என்று எழுதட்டும், தம்பி?